ஆன்லைனா, கடையா? கண்ணாடி வாங்குமுன் மூன்று வேலைகள்



இந்த மாத நலவாழ்வுப் பாடத்தை என் வீட்டில் நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஐந்தாம் வகுப்பிலிருந்தே கிட்டப்பார்வைக் கண்ணாடி அணிகிறாள். சென்ற ஆண்டு விளையாடும்போது கண்ணாடியின் கால் உடைந்துவிட்டது. கடைக்கு அழைத்துப் போக எனக்கு நேரமில்லை. போனில் பார்த்தேன். கடை விலையில் பாதிக்கும் குறைவாக அழகான ஃபிரேம்கள் இருந்தன. பீரோவில் இருந்த பழைய சீட்டை எடுத்து அதிலிருந்த எண்களை நிரப்பினேன். 'பி.டி.' என்று ஒரு கட்டம் இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. காலியாக விட்டுவிட்டு ஆர்டர் போட்டேன். ஆறு நாளில் கண்ணாடி வந்துவிட்டது.

"அத்தா, இதைப் போட்டா தலை வலிக்குது" என்றாள். "புதுசும்மா, போகப் போகப் பழகிடும்" என்றேன். அவளும் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்வந்திருக்கிறாள். போர்டில் இருக்கும் கணக்கைத் தப்பும் தவறுமாக எழுதுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

கண் மருத்துவமனையில் காட்டியபோது இரண்டு உண்மைகள் வெளிவந்தன. ஒன்று, நான் பயன்படுத்திய சீட்டு இரண்டு ஆண்டு பழையது. அதற்குள் அவளது பவர் மூன்றரையிலிருந்து நாலரைக்குப் போயிருந்தது. இரண்டாவது, அவளது இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம் 58 மில்லிமீட்டர். வந்த கண்ணாடியோ பெரியவர்களின் சராசரி அளவான 63 மில்லிமீட்டரில் செய்யப்பட்டிருந்தது. நான் காலியாக விட்ட கட்டத்தின் விளைவு அது. அந்த நிறுவனத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆன்லைனில் வாங்கலாமா, கடையில் வாங்கலாமா என்று நம் குடும்பங்களில் பலரும் கேட்கிறார்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கண்ணாடி வாங்குவதில் மூன்று வேலைகள் இருக்கின்றன. கண்ணைப் பரிசோதிப்பது, முகத்தை அளப்பது, வந்த கண்ணாடியைச் சரிபார்ப்பது. இந்த மூன்றும் நடந்தால் எங்கே வாங்கினாலும் நல்லது. இதில் ஒன்று விடுபட்டாலும் எங்கே வாங்கினாலும் ஆபத்து.

முதல் வேலை: கண் பரிசோதனை

பவர் பார்ப்பதும் கண் பரிசோதனையும் ஒன்றல்ல. இயந்திரத்தின் முன் தாடையை வைத்து, உள்ளே தெரியும் படத்தைப் பார்த்தால் அது ஒரு எண்ணைத் தருகிறது. அந்த எண் ஒரு தொடக்கம்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கண்ணிலும் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, எது தெளிவு என்று கேட்டு முடிவு செய்ய வேண்டும். இயந்திரம் தந்த எண்ணை அப்படியே எழுதிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. ஆகவே கடைக்குப் போனதாலேயே பரிசோதனை முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

பவர் சரியாக இருப்பதால் மட்டும் கண் நலமாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. கண் அழுத்த நோய் எனப்படும் குளுக்கோமா ஓரப் பார்வையை மெல்ல மெல்லத் தின்னும். வலி இருக்காது. போன பார்வை திரும்பி வராது. சர்க்கரை நோய் விழித்திரையில் உள்ள இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். அதுவும் தொடக்கத்தில் தெரியாது. கண்புரை வளரும்போது பவர் அடிக்கடி மாறும். புதுக் கண்ணாடி போட்டும் தெளிவு வராது. இவற்றையெல்லாம் கண்ணில் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்க்கும் மருத்துவரால்தான் கண்டுபிடிக்க முடியும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி. இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் உப்பிச் சுருங்குகிறது. அதனால் பவரும் மாறுகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத நேரத்தில் அளந்து செய்த கண்ணாடி, சர்க்கரை குறைந்த பிறகு பொருந்தாமல் போகலாம். எனவே சில வாரங்கள் சர்க்கரை நிலையாக இருந்த பிறகு அளவெடுப்பதே நல்லது. கண்ணாடி மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை அவசியம்.

இதற்காக நாம் தூரம் போக வேண்டியதில்லை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இன்று திண்டுக்கல்லிலும் கிளை உண்டு. நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது. வேறு கண் மருத்துவர்களும் இருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் எழுதிய சீட்டைக் கையில் கேட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டு உங்களுடையது. எந்தக் கடையில் கண்ணாடி செய்வது என்ற முடிவும் உங்களுடையதே.

சீட்டைப் படிக்கப் பழகுவோம்

சீட்டில் வலது கண், இடது கண் என்று இரண்டு வரிகள் இருக்கும். 'ஓ.டி.' என்றால் வலது, 'ஓ.எஸ்.' என்றால் இடது.

'எஸ்.பி.எச்.' என்பது முக்கியமான பவர். மைனஸ் குறி இருந்தால் கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் உள்ளது தெரியாது. பிளஸ் குறி இருந்தால் தூரப்பார்வை. ஆன்லைனில் நிரப்பும்போது மிக அதிகமாக நடக்கக்கூடிய தவறு, இந்தக் குறியை மாற்றிப் போடுவதுதான்.

'சி.ஒய்.எல்.' என்பது சிலிண்டர் பவர். கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாதவர்களுக்கு இது தேவை. 'ஆக்சிஸ்' என்பது அந்தச் சிலிண்டர் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது. 1 முதல் 180 வரை ஏதாவது ஓர் எண்ணாக இருக்கும். பவர் சரியாக இருந்து கோணம் தவறினாலும் பார்வை கலங்கும்.

'ஆட்' என்பது வெள்ளெழுத்துக்காக, படிப்பதற்குக் கூடுதலாகச் சேர்க்கும் பவர். நாற்பது வயதை ஒட்டித் தொடங்கும்.

'பி.டி.' என்பதுதான் நான் காலியாக விட்ட கட்டம். இரு கண்மணிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். பல சீட்டுகளில் இதை எழுதுவதில்லை. "பி.டி.யும் எழுதித் தாருங்கள்" என்று பரிசோதனை முடியும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலை: முக அளவு

ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு மையம் உண்டு. அந்த மையம் கண்மணிக்கு நேராக வர வேண்டும். விலகினால் லென்ஸ் ஒளியைப் பக்கவாட்டில் வளைக்கும். இரண்டு உருவங்களை ஒன்றாக்கக் கண் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். தலைவலி வருவது அதனால்தான்.

எவ்வளவு சுமை என்பதை ஒரு எளிய பெருக்கலில் அறியலாம். விலகலைச் சென்டிமீட்டரில் எழுதி, பவரால் பெருக்க வேண்டும். என் மகளின் கண்ணாடியில் விலகல் 5 மில்லிமீட்டர், அதாவது அரை சென்டிமீட்டர். பவர் மூன்றரை. பெருக்கினால் 1.75. இதைப் பிரிஸம் அளவு என்பார்கள். அதே 5 மில்லிமீட்டர் விலகல் அரை பவர் உள்ளவருக்கு வந்திருந்தால் வெறும் 0.25. அவர் அதை உணரக்கூட மாட்டார். ஆகவே, குறைந்த பவர் உள்ளவருக்குச் சிறு பிழை பெரிதில்லை. பவர் கூடக் கூட ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கில் வரும். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாவியில் ஒரு பல் கொஞ்சம் தேய்ந்தாலும் பூட்டு திறக்காது என்பது நமக்குத் தெரியும்.

தூரமும் கிட்டவும் ஒரே கண்ணாடியில் பார்க்கும் பைஃபோக்கல், புரோகிரெசிவ் லென்ஸ்களுக்குப் பி.டி. மட்டும் போதாது. ஃபிரேமை முகத்தில் மாட்டி, கண்மணி எந்த உயரத்தில் வருகிறது என்று லென்ஸில் புள்ளி வைத்து அளக்க வேண்டும். எதிரே ஒருவர் உட்கார்ந்து எடுக்க வேண்டிய அளவு இது. படி இறங்கும்போது தடுமாறும் பெரியவர்கள் பலருக்கு இந்த உயர அளவு தவறியிருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆன்லைனில் என்ன நன்மை, என்ன குறை?

நன்மைகளை மறைக்கக் கூடாது. விலை வெளிப்படையாகத் தெரிகிறது. வீட்டில் உட்கார்ந்து நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். சின்ன ஊர்க் கடையில் கிடைக்காத ஃபிரேம்கள் கிடைக்கும். ஏற்கெனவே சரியாகப் பொருந்திய கண்ணாடிக்கு மாற்றுக் கண்ணாடி ஒன்று குறைந்த செலவில் வேண்டுமென்றால் இது நல்ல வழி. 2010இல் தொடங்கிய லென்ஸ்கார்ட் போன்ற ஆன்லைன் நிறுவனங்களே இப்போது ஊர்களில் கடை திறந்து, நேரில் அளவெடுக்கின்றன. நேரில் அளப்பது அவசியம் என்பதை அவர்களும் அறிந்திருக்கிறார்கள் என்றே இதிலிருந்து தெரிகிறது.

குறையையும் பார்ப்போம். 2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 10 இணைய விற்பனையாளர்களிடம் 200 கண்ணாடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 154 வந்து சேர்ந்தன. அவற்றைச் சோதித்தபோது 44.8 சதவீதம் பவர் அளவிலோ, லென்ஸின் உறுதியிலோ ஏதாவது ஒன்றில் தேறவில்லை. இதை நியாயமாகப் படிக்க வேண்டும். அந்த ஆய்வு கடையில் வாங்கிய கண்ணாடிகளைச் சோதிக்கவில்லை. நாடும் வேறு, காலமும் பழையது. ஆகவே "ஆன்லைன் என்றால் மோசம்" என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. "வந்ததைச் சரிபார்க்காமல் போடாதே" என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

விளம்பரங்களிலும் கவனம் வேண்டும். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதில் ஃபிரேம் மட்டும் இலவசமா, லென்ஸும் சேர்த்தா என்று பாருங்கள். கீறல் விழாத பூச்சு, கண் கூசாத பூச்சு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து விலை ஏறும். நீல ஒளியைத் தடுக்கும் லென்ஸைக் கடையிலும் ஆன்லைனிலும் வற்புறுத்தி விற்கிறார்கள். 2023இல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் சோர்வை இந்த லென்ஸ் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

ஊர்க் கடையில் என்ன நன்மை, என்ன குறை?

கடைக்காரர் முகத்தைப் பார்க்கிறார். மூக்கில் சரியும் ஃபிரேமை அங்கேயே வளைத்துச் சரிசெய்கிறார். மூக்குப் பட்டை விழுந்தால், திருகு கழன்றால், அடுத்த நாளே போய் நிற்கலாம். பவர் பொருந்தவில்லை என்றால் முகம் தெரிந்த ஒருவரிடம் முறையிடலாம். குழந்தைக்கும் முதியவருக்கும் இந்தப் பராமரிப்பு பெரிய உதவி.

குறைகளும் உண்டு. லென்ஸ் என்ன வகை என்று சொல்லாமல் மொத்தமாக ஒரு விலை சொல்வது, பில் இல்லாமல் விற்பது, பி.டி. கேட்டால் முகம் சுளிப்பது ஆகியவை சில இடங்களில் நடக்கின்றன. பில் கேட்டு வாங்குவது நம் உரிமை. ஃபிரேம் விலை, லென்ஸ் விலை, லென்ஸின் வகை மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பார்வைத் திருத்தக் கண்ணாடிகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதையும் பாருங்கள்.

நம் பக்கத்திலும் ஒரு நேர்மை வேண்டும். கடையில் ஒரு மணி நேரம் ஃபிரேம்களை மாட்டிப் பார்த்து, அளவும் எடுத்துக்கொண்டு, வெளியே வந்து போனில் ஆர்டர் போடுவது சரியா? ஆன்லைனில் வாங்கியதைக் கடையில் கொடுத்து, "கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்க பாய்" என்று கூலி இல்லாமல் வேலை வாங்குவது சரியா? அளப்பதும் சரிசெய்வதும் உழைப்பு. உழைப்புக்குக் கூலி கேட்டுக் கொடுத்துவிட்டால் இருவருக்கும் மனக்குறை இல்லை.

யாருக்கு எது பொருந்தும்?

ஆன்லைன் பொருந்தக்கூடியவர்கள்: பெரியவர்கள், குறைந்த பவர், தூரத்துக்கு மட்டும் அல்லது படிக்க மட்டும் உள்ள கண்ணாடி, ஓராண்டுக்குள் எடுத்த சீட்டு, கையில் பி.டி. எண். இவை எல்லாம் இருந்தால் தயங்க வேண்டியதில்லை.

நேரில்தான் வாங்க வேண்டியவர்கள்: குழந்தைகள், முதன்முதலாகக் கண்ணாடி போடுபவர்கள், பைஃபோக்கல் அல்லது புரோகிரெசிவ் தேவைப்படுபவர்கள், நான்குக்கு மேல் பவர் உள்ளவர்கள், சிலிண்டர் பவர் அதிகமாக உள்ளவர்கள், இரு கண்ணுக்கும் பவர் வெகுவாக வேறுபடுபவர்கள், கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்.

குழந்தைகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சிறு வயதில் ஒரு கண் தெளிவாகப் பார்க்காவிட்டால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடும். சோம்பேறிக் கண் என்பது இதுதான். ஏழு, எட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் சிகிச்சையில் பலன் அதிகம். தாமதித்தால் பிறகு எந்த விலையுயர்ந்த கண்ணாடியும் முழுப் பார்வையைத் தராது. பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பரிசோதனையும், எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸும் நல்லது. "பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடிக்கும்" என்று தள்ளிப்போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பார்வையை விட்டுக்கொடுத்து எந்த அழகும் வேண்டாம்.

மூன்றாவது வேலை: சரிபார்ப்பு

கண்ணாடி எங்கிருந்து வந்தாலும் இதைச் செய்யுங்கள். முதலில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் காலண்டரைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். வலது, இடது மாறியிருந்தால் பெரும்பாலும் இங்கேயே தெரியும். அடுத்து, நேரான கதவு விளிம்பைப் பாருங்கள். சாய்ந்தோ வளைந்தோ தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, கண் மருத்துவமனையிலோ கடையிலோ லென்ஸோமீட்டர் என்ற கருவியில் வைத்துப் பவரையும் மையத்தையும் அளக்கச் சொல்லிச் சீட்டோடு ஒப்பிடுங்கள். சில நிமிட வேலைதான்.

புதிய பவர் பழக ஓரிரு வாரம் ஆகலாம். அதற்கு மேலும் தலைவலியோ, இரட்டையாகத் தெரிவதோ, தரை ஏறி இறங்குவது போன்ற உணர்வோ தொடர்ந்தால் பழக்கம் என்று விடாதீர்கள். என் மகளிடம் நான் சொன்னதை நீங்கள் உங்கள் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

கண்ணாடி தவறாக வந்திருந்தால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையும், சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஆனால் நாம் தவறான எண்ணை நிரப்பியிருந்தால் குறை அவர்களுடையது ஆகாது. அதனால் ஆர்டர் போட்ட பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சீட்டோடு பத்திரமாக வையுங்கள்.

வசதி இல்லாதவர்களுக்கு

செலவுக்குப் பயந்து கண்ணாடியே வாங்காமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. வெள்ளெழுத்துக் கண்ணாடி இலவசமாகப் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உற்பத்தித் திறன் பெற்றார்கள். பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவருக்கும், வீட்டில் தையல் மிஷினில் உட்காரும் தாய்க்கும், சின்னாளபட்டியில் சேலைக்கு முடிச்சுப் போடுபவருக்கும் இது பொருந்தும். ஊசியில் நூல் கோக்கப் பிள்ளையைக் கூப்பிடும் தாய்க்குத் தேவை கண்ணாடி.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குக் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் இலவசக் கண்ணாடி உண்டு. தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் முதியவர்களுக்கும் இலவச வெள்ளெழுத்துக் கண்ணாடி கிடைக்க வழியுண்டு. அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் விசாரியுங்கள். நன்னாவின் கண்ணாடியையே நன்னிமாவும் மாட்டிக்கொண்டு குர்ஆன் ஓதும் வீடுகள் நம்மிடையே உண்டு. ஒருவர் கண்ணாடி மற்றவருக்கு அளவாகாது. இருவரையும் ஒருமுறை பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

வீட்டில் உட்கார்ந்து பேச

1. நம் வீட்டில் கண்ணாடி போடுபவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் கடைசியாகக் கண் பரிசோதித்தது எப்போது?
2. சர்க்கரை உள்ளவர்கள் இந்த ஆண்டு விழித்திரையைக் காட்டினார்களா?
3. சீட்டுகள் எங்கே இருக்கின்றன? அவற்றில் பி.டி. எழுதியிருக்கிறதா?
4. கண்ணாடியைப் பைக்குள் வைத்துவிட்டுப் போகும் பிள்ளை நம் வீட்டிலும் இருக்கிறதா? ஏன் என்று கேட்டோமா?

என் மகள் இப்போது நேரில் அளந்து செய்த கண்ணாடி போடுகிறாள். அடுத்த முறை எங்கே வாங்கினாலும், பி.டி. கட்டத்தைக் காலியாக விட மாட்டேன். அல்லாஹ் நம் அனைவரின் பார்வையையும் பாதுகாப்பானாக. ஆமீன்.